எழுதாமல் விட்ட வசனங்கள்

தோமாஸ் லூயிஸ் தெ விக்டோரியா என்ற ஸ்பானியக் குரு 1581இல் ரோமில் இரண்டு இசை நூல்களை வெளியிட்டார். ஒன்றில் திருச்சபை ஆண்டு முழுவதற்குமான 32 கீதங்கள். மற்றதில் 16 மக்னிஃபிகாட்டுகள், அதாவது லூக்கா நற்செய்தியில் வரும் மரியாவின் பாடலுக்கு அவர் அமைத்த இசை. முதன்முதலாகப் புரட்டுகிறவருக்கு ஏதோ பக்கங்கள் விடுபட்டுவிட்டன என்றே தோன்றும். கீதத்தின் முதல் சரணத்துக்கு இசை இல்லை, இரண்டாவதற்கு இருக்கிறது. மூன்றாவதற்கு இல்லை, நான்காவதற்கு இருக்கிறது. மக்னிஃபிகாட்டும் அப்படித்தான். பன்னிரண்டு வசனங்களில் ஆறுக்கு மட்டுமே இசை எழுதப்பட்டிருக்கிறது.

இந்த இசை எனக்கு ஒலிப்பதிவில்தான் அறிமுகமானது. திருவிவிலியத்தில் மரியாவின் பாடலை விரித்து வைத்துக்கொண்டு, லத்தீனை ஒருவாறு பின்தொடரலாம் என்று உட்கார்ந்தேன். முடியவில்லை. ஒன்று விட்டு ஒன்றாக வசனங்களைக் காணோம். எழுதப்பட்ட ஆறு வசனங்களை மட்டும் ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே நீளப் பாட்டாகப் பதிவு செய்திருந்தார்கள். குரல்கள் அழகாகத்தான் இருந்தன. ஆனால் இரண்டாவது நிமிடத்திலேயே காது களைத்துவிட்டது. எங்கும் ஒரே செழிப்பு, இளைப்பாற இடமில்லை. எனக்குக் கேட்கத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். இந்த இசையை இயற்றியவர்கள் அதை வெஸ்பர்ஸ் என்ற மாலைச் செபத்துக்குள் வைத்தே நினைத்தார்கள், அதற்கு வெளியே அது பாதிதான் என்பது புரிய வெகுகாலமாயிற்று. அதைப் புரிந்துகொண்டால் மறுமலர்ச்சிக் காலப் பல்குரல் இசையைக் கேட்கும் விதமே மாறிவிடும் என்பது என் அனுபவம்.

வெஸ்பர்ஸ் என்ற சொல் மாலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நாளின் பல வேளைகளில் திருப்பாடல்களைப் பாடும் வழக்கத்தில் இது அந்திவேளைக்குரிய பங்கு. ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தம் துறவியருக்கு எழுதிய ஒழுங்கில் 150 திருப்பாடல்களையும் ஒரு வாரத்துக்குள் பாடி முடிக்கச் சொன்னார். மாலைக்கு நான்கு வைத்தார். ரோமை வழிபாட்டு முறையில் மாலைக்கு ஐந்து. அவற்றுக்குப் பின் ஒரு சிறு வாசகம், கீதம், பிறகு மக்னிஃபிகாட், நிறைவு மன்றாட்டு. ஒவ்வொரு திருப்பாடலுக்கும் முன்னும் பின்னும் பல்லவிபோல ஒரு சிறு பாடல் வரும். அன்றைய விழா எது என்பதை அந்தப் பல்லவியே சொல்லும். விழாநாள் முந்தின மாலையிலேயே தொடங்கிவிடுவதால் பெருவிழாக்களுக்கு முதல் வெஸ்பர்ஸ், இரண்டாம் வெஸ்பர்ஸ் என்று இரண்டு உண்டு. இலங்கைக் கத்தோலிக்கர் இதை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். திருவிழாவுக்கு முந்தின மாலை நடக்கும் வழிபாட்டை அவர்கள் இன்றும் வெஸ்பர் ஆராதனை என்றுதான் சொல்கிறார்கள்.

திருப்பாடலைப் பாடும் முறையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். கிரகோரியப் பாடல் மரபில் அதற்கு எட்டுத் தொனிகள் உண்டு. தொனி என்பது மெட்டு அல்ல, மெட்டின் எலும்புக்கூடு. தொடக்கத்தில் இரண்டு மூன்று சுரங்கள் ஏறும். பிறகு ஒரே சுரத்தில் சொற்கள் நடக்கும். ஐந்து அசையானாலும் இருபது அசையானாலும் அதே சுரம்தான். வசனத்தின் நடுவில் ஒரு சிறு வளைவு. அங்கே நிறுத்தம். பின் பாதி மீண்டும் அதே சுரத்தில் நடந்து, ஒரு சிறு இறக்கத்தில் முடியும். திருப்பாடலில் தொடக்க ஏற்றம் முதல் வசனத்துக்கு மட்டும். மக்னிஃபிகாட்டில் ஒவ்வொரு வசனத்துக்கும் உண்டு. நற்செய்தியிலிருந்து வரும் பாடல் என்பதால் அதற்கு அந்த மரியாதை. அப்போது எல்லாரும் எழுந்து நிற்பார்கள்.

அந்த நடு நிறுத்தத்தைப் பாட்டு நூல்களில் ஒரு நட்சத்திரக் குறி காட்டும். இந்த வழிபாட்டில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். யாரும் எண்ணிக் கைகாட்டுவதில்லை. எல்லாரும் ஒன்றாக மூச்செடுக்கிறார்கள். பாடிய கடைசி அசை சுவர்களில் பட்டுத் தேய்ந்து முடியும்வரை காத்திருந்து, ஒன்றாகவே மீண்டும் தொடங்குகிறார்கள். சேர்ந்து பாடிப் பழகாத குழு இந்த இடத்தில் பிடிபட்டுவிடும். சேர்ந்து வாழ்கிறவர்கள் பாடினால் அந்த அமைதிக்கே ஒரு கனம் இருக்கும்.

எட்டுத் தொனிகளுக்கு வெளியே ஒன்று உண்டு. அதற்கு அலைந்து திரியும் தொனி என்று பெயர். மற்ற தொனிகளில் சொற்கள் நடக்கும் சுரம் ஒன்றே. இதில் முதல் பாதி ஒரு சுரத்தில், இரண்டாம் பாதி அதற்கு ஒரு படி கீழே. காலடியில் தரை நகர்ந்ததுபோல இருக்கும். பழைய ஞாயிறு வெஸ்பர்ஸில் ஐந்தாவது திருப்பாடல் இந்தத் தொனிக்குரியது. இஸ்ரயேலர் எகிப்தைவிட்டு வெளியேறியதைச் சொல்லும் பாடல் அது. ஊர்விட்டுப் போகிறவர்களின் பாட்டுக்கு நிலைகொள்ளாத தொனி! எண்ணிச் செய்த பொருத்தமோ தானாக அமைந்ததோ, ஒருமுறை கேட்டவருக்கு மறக்காது.

இப்போது பல்குரல் இசைக்கு வரலாம். திருப்பாடல்களை இரு பக்கமாக எதிரெதிரே அமர்ந்து மாறி மாறிப் பாடுவது பழைய வழக்கம். பதினைந்தாம் நூற்றாண்டு இசையமைப்பாளர்கள் அந்த வழக்கத்துக்குள்ளேயே தங்கள் கலைக்கு இடம் பிடித்தார்கள். ஒரு வசனம் பழைய ஒற்றை மெட்டில், அடுத்தது பல குரல்களில். கியோம் தூஃபே தம் கீதங்களை இப்படித்தான் அமைத்தார். ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் விக்டோரியாவும், 1589இல் கீதங்களையும் 1591இல் மக்னிஃபிகாட்டுகளையும் வெளியிட்ட பலெஸ்த்ரீனாவும் அதே வழியில் போனார்கள். விடுபட்ட வசனங்களை அவர்கள் எழுதவில்லை, எழுதத் தேவையிருக்கவில்லை. பாடகர்களுக்கு அவை மனப்பாடம். விக்டோரியா ஒவ்வொரு தொனிக்கும் இரண்டு மக்னிஃபிகாட் செய்தார். ஒன்றில் ஒற்றைப்படை வசனங்கள், மற்றதில் இரட்டைப்படை. எட்டுத் தொனிக்குப் பதினாறு. எந்த நாள், எந்தப் பல்லவி, எந்தத் தொனி என்று பார்த்து எடுத்துக்கொள்ளப் பாடகர்களுக்கு ஒரு கருவிப்பெட்டி.

சில இடங்களில் மாற்று வசனத்தைப் பாடியது மனிதக் குரலே அல்ல, ஆர்கன். ஸ்பெயினின் பார்வையற்ற ஆர்கன் கலைஞர் அந்தோனியோ தெ கபேசோனின் இசையை அவர் இறந்து பன்னிரண்டு ஆண்டு கழித்து, 1578இல், மகன் அச்சிட்டார். அதில் திருப்பாடல் தொனிகளுக்கும் மக்னிஃபிகாட்டுக்கும் இப்படிப்பட்ட சிறு துண்டுகள் நிறைய. ஆர்கன் வாசிக்கும் வசனத்தில் சொல் காணாமல் போய்விடுமே? 1600இல் திருத்தந்தை எட்டாம் கிளமெந்து வெளியிட்ட ஆயர் வழிபாட்டுச் சடங்கு நூல் இதைக் கவனித்திருக்கிறது. ஆர்கன் ஒலிக்கும்போது அந்த வசனத்தைப் பாடகர்களில் ஒருவர் கேட்கும்படி சொல்ல வேண்டும் என்று அது விதிக்கிறது. எந்த வசனமும் வாய்ச்சொல் இல்லாமல் கடந்துபோகக் கூடாது என்ற அந்த அக்கறை என்னைத் தொடுகிறது.

மக்னிஃபிகாட்டின்போது குரு பீடத்துக்குத் தூபம் காட்டுவார். பீடத்தைச் சுற்றி வர வேண்டும், பிறகு அங்குள்ளவர்களுக்கும் தூபம் காட்ட வேண்டும். இதற்கு நேரமெடுக்கும். வெஸ்பர்ஸின் பகுதிகளில் இசையமைப்பாளர்கள் மக்னிஃபிகாட்டுக்கே அதிகம் உழைத்ததற்கு இந்த நடைமுறையும் ஒரு காரணம். விக்டோரியாவின் கைவண்ணத்தை இங்கே அருகிலிருந்து கேட்கலாம். முதலில் ஆண்குரல்கள் ஒற்றை மெட்டில் ஒரு வசனத்தைப் பாடி முடிக்கின்றன. அடுத்த வசனத்தை ஒரு குரல் தனியாகத் தொடங்குகிறது. அது எடுத்த சொற்றொடரை நாலைந்து சுரம் தள்ளி இரண்டாம் குரல் எடுக்கிறது, பிறகு மூன்றாவது, நான்காவது. இப்போது கேட்ட தொனியின் ஏற்றமும் இறக்கமுமே இவற்றின் மூலப்பொருள். நெய்த துணியில் பாவு நூலைத் தேடுவதுபோலத் தேடினால் அது அகப்படும். நேற்றுப் பாடிய தொனி அல்ல, அரை நிமிடத்துக்கு முன் பாடிய தொனி. இடையில் அந்த ஒற்றைக் குரல் இல்லாவிட்டால் காதுக்கு அடையாளம் காண எதுவும் இருக்காது. எனக்கு அந்த ஒலிப்பதிவில் நேர்ந்தது இதுதான்.

இன்னொன்றையும் கவனிக்கலாம். மேல்குரல் ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும், அடிக்குரல் நகரும், நகர்ந்த கணத்தில் இரண்டும் உரசும். பிடித்திருந்த குரல் ஒரு படி இறங்கும்போது உரசல் தீரும். இந்த இசையில் ஏக்கமாக நமக்குக் கேட்பதில் பெரும்பங்கு இந்தச் சிறு உத்தியிலிருந்து வருகிறது. ராகத்தின் ஒற்றை ஓட்டத்தில் பழகிய காது முதலில் மேல்குரலையே பற்றிக்கொண்டு போகும். எனக்குக் கைகொடுத்தது நேர்மாறான வழி. கீழ்க்குரல் ஒன்றைத் தேர்ந்து, மூன்று முறை அதை மட்டும் பின்தொடர்ந்தேன். நான்காம் முறை நான்கும் தனித்தனியே கேட்டன.

நடுவில் ஒரு வசனத்தில் குரல்களைக் குறைத்து மெலிதாக்குவதும், கடைசிப் புகழுரையில் கூடுதல் குரல் சேர்ப்பதும் பொதுவான வழக்கம். எல்லாம் முடிந்தபின் பல்லவி மறுபடி வருகிறது, ஒற்றை மெட்டில். எவ்வளவு உயரம் போனாலும் திரும்ப வந்து நிற்கும் இடம் அதுதான்.

விக்டோரியா அவிலாவில் 1548இல் பிறந்தவர். 1565ஐ ஒட்டி ரோமில் இயேசு சபையார் நடத்திய ஜெர்மானியக் கல்லூரியில் சேர்ந்து, பின் அங்கேயே இசை கற்பித்தார், 1575இல் குருவானார். உலகியல் பாட்டு ஒன்றுகூட அவர் பெயரில் இல்லை. பிற்காலத்தில் மாட்ரிட்டில் பேரரசி மரியாவின் குருவாக, வெறுங்கால் அரச கன்னியர் மடத்தில் பணிசெய்து 1611இல் இறந்தார். 1600இல் மாட்ரிட்டில் அவர் அச்சிட்ட தொகுப்பில் மூன்று குழுக்களாகப் பன்னிரண்டு குரல்கள் பாடும் ஒரு மக்னிஃபிகாட் இருக்கிறது. அதில் வசனம் எதையும் விடவில்லை, முழுவதும் எழுதப்பட்டது. அது கண்ணைப் பறிக்கும் படைப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் 1581இன் நான்கு குரல் மக்னிஃபிகாட்டுகளிடமே நான் அடிக்கடி திரும்பிப் போகிறேன்.

அவர்கள் எப்படிப் பாடினார்கள் என்பதற்கு அந்த நூல்களின் வடிவமே சாட்சி. மிகப் பெரிய தாள். திறந்தால் இடப்பக்கம் மேலே உச்சக்குரல், அதன் கீழே டெனர். வலப்பக்கம் மேலே ஆல்டோ, கீழே பாஸ். நான்கும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்படவில்லை. இன்றுள்ள இசைத்தாளின் தடுப்புக் கோடுகளும் இல்லை. மற்றவர் என்ன பாடுகிறார் என்பதைப் பாடகர் தாளில் பார்க்க முடியாது, காதால்தான் அறிய வேண்டும். குழு முழுவதும் ஒரே நூல்தாங்கியின் முன் கூடி, ஒரே நூலைப் பார்த்து, ஏறியிறங்கும் ஒரு கையின் தாளத்துக்குப் பாடியது. உச்சக்குரலைச் சிறுவர்களோ பொய்க்குரலில் பாடும் ஆண்களோ பாடினார்கள். பேராலயப் பாடகர் குழுக்களில் பெண்களுக்கு இடமிருக்கவில்லை. ஆனால் கன்னியர் மடங்களுக்குள் வேறோர் உலகம் இருந்தது. ஃபெராரா நகரின் சான் வீத்தோ மடத்துக் கன்னியர் ரஃபயேல்லா அலியோத்தி 1593இலேயே தம் பல்குரல் பாடல்களை அச்சில் வெளியிட்டார். இந்த இசையின் வரலாற்றை ஆண்களின் வரிசையாக மட்டும் எழுதுகிறவர்கள் அந்தப் பெயரைத் தாண்டிப் போவது எனக்கு வருத்தம் தருகிறது.

வெனிஸ் வேறு வழியில் போனது. புனித மாற்கு ஆலயத்தில் 1527 முதல் 1562இல் இறக்கும்வரை இசைத்தலைவராக இருந்தவர் அத்ரியான் வில்லார்ட். 1550இல் அச்சான வெஸ்பர்ஸ் திருப்பாடல் தொகுப்பில் அவருடைய எட்டுத் திருப்பாடல்கள் இரு குழுக்களுக்கானவை. குழுக்கள் வசனத்துக்கு வசனம் மாறிக்கொண்டு, இறுதிப் புகழுரையில் மட்டுமே சேர்கின்றன. அவருடைய மாணவர் சர்லீனோ 1558இல் எழுதிய நூலில் இதன் கணக்கைச் சொல்கிறார்: குழுக்கள் தள்ளித் தள்ளி நிற்பதால் ஒவ்வொன்றும் தன்னளவிலேயே இசைவு முழுமை பெற்றிருக்க வேண்டும், அருகில் நிற்பவருக்கு ஒரு குழுவே அதிகம் கேட்கும். கட்டடத்தை மனதில் வைத்து எழுதிய இசை இது. 1610இல் மொந்தேவெர்தி வெளியிட்ட புகழ்பெற்ற வெஸ்பர்ஸ் இசைக்கருவிகளோடு எவ்வளவோ தூரம் போய்விட்டது. ஆயினும் அதன் ஐந்து திருப்பாடல்களிலும் மக்னிஃபிகாட்டிலும் பழைய தொனி விடாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

பலெஸ்த்ரீனாவைப் பற்றி எல்லாரும் சொல்லும் ஒரு கதை உண்டு. திரெந்துப் பொதுச்சங்கம் பல்குரல் இசையைத் தடைசெய்யவிருந்தது, அவர் மர்செல்லுஸ் திருத்தந்தையின் பெயரால் அமைந்த திருப்பலி இசையைக் கேட்கச்செய்து அதைக் காப்பாற்றினார் என்பது கதை. 1607இல் அகத்சாரி என்பவரின் எழுத்தில் தென்பட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெருகி, 1917இல் ஓர் ஓபராவாகவும் ஆகிவிட்டது. சங்கம் 1562இல் சொன்னது, வழிபாட்டில் தூய்மையற்ற, இச்சையைத் தூண்டும் இசை கூடாது என்பதுதான். வெஸ்பர்ஸ் இசைக்கு உண்மையில் முக்கியமானது சங்கத்துக்குப் பின், 1568இல் ஐந்தாம் பயஸ் வெளியிட்ட செபநூல். எந்த நாளுக்கு எந்தக் கீதம் என்பது பரவலாக ஒரே சீரானது. அதன்பிறகுதான் ‘ஆண்டு முழுவதற்குமான கீதங்கள்’ என்று ஒரு தொகுப்பைப் போட்டு ஊர் ஊராக விற்பது பொருளுள்ள காரியமாயிற்று.

பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் இந்த இசையின் பெரும்பகுதி வழிபாட்டிலிருந்து நழுவியது. மீட்டவர்களில் இரு தரப்பைச் சொல்ல வேண்டும். 1833இல் குவேராஞ்சே அடிகளார் மீண்டும் நிறுவிய பிரான்சின் சொலெம் மடத்துத் துறவியர் பழைய ஏடுகளை ஒப்பிட்டு ஒற்றைக்குரல் பாடலை மீட்டார்கள். லண்டனில் ரிச்சர்ட் டெர்ரி 1901இல், வெஸ்ட்மின்ஸ்டர் கத்தோலிக்கப் பேராலயம் கட்டி முடியும் முன்பே, அதற்கொரு பாடகர் குழுவை உருவாக்கினார். 1924இல் விலகும்வரை பலெஸ்த்ரீனாவையும் விக்டோரியாவையும் மறக்கப்பட்ட ஆங்கிலக் கத்தோலிக்க இசையமைப்பாளர்களையும் அன்றாட வழிபாட்டில் பாடவைத்தார். 1903 நவம்பரில் திருத்தந்தை பத்தாம் பயஸ் கிரகோரியப் பாடலையும், அதற்கு அடுத்தபடியாகப் பலெஸ்த்ரீனா வழிப் பல்குரல் இசையையும் வழிபாட்டின் முன்மாதிரிகளாக அறிவித்தார். அதே ஆவணம் வழிபாட்டுப் பாடகர் குழுவில் பெண்கள் கூடாது என்றும் சொன்னது. அலியோத்தி அச்சிட்டு முந்நூறு ஆண்டு கழித்து!

டெர்ரியின் குழு தொடங்கிய இடத்தில் ஒரு ஞாயிறு பிற்பகல் வெஸ்பர்ஸ் கேட்டேன். கோயிலின் கீழ்ப்பகுதி பளிங்கும் வண்ணக்கல் ஓவியமுமாக மின்னுகிறது. மேலே பார்த்தால் குவிமாடங்கள் இன்னும் பூசப்படாத வெறுஞ்செங்கல், புகைபடிந்து இருண்டிருக்கிறது. பாடகர்கள் தலைமைப் பீடத்துக்குப் பின்னால், உயரத்தில் இருக்கிறார்கள். நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. குரல் எங்கிருந்து வருகிறதென்று தெரியாமல் அந்த இருட்டிலிருந்து இறங்குகிறது. மக்னிஃபிகாட் தொடங்கியதும் எழுந்தோம். ஆண்குரல்களின் ஒற்றை மெட்டு. அது தேய்ந்து முடியவும் சிறுவர் குரல்கள் மேலேறின. தூபக்கலசத்தின் சங்கிலிச் சத்தம் கேட்டது. மறுபடி ஒற்றைக் குரல். வெறும் தொனி என்று நான் நினைத்திருந்த அந்த வசனத்தில்தான் சொற்கள் ஒவ்வொன்றாகத் தெளிந்து காதில் விழுந்தன. பல்குரல் வசனம் அந்தச் சொற்களை விரித்துக்கொண்டு போனது. களைப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் கிரகோரியப் பாடலுக்கு முதலிடம் கொடுத்ததோடு, ஞாயிறுகளிலும் பெருவிழாக்களிலும் வெஸ்பர்ஸை ஆலயங்களில் மக்களோடு கூடிக் கொண்டாடவும் கேட்டுக்கொண்டது. நடந்தது பெரும்பாலும் வேறு. 1971இல் வந்த புதிய ஒழுங்கில் கீதம் முன்னால் வந்தது. ஐந்து திருப்பாடல்கள் இரண்டாகி, புதிய ஏற்பாட்டுப் பாடல் ஒன்று சேர்ந்தது. வில்லார்ட், மொந்தேவெர்தி போன்றோரின் ஐந்து திருப்பாடல் அடுக்குக்கு அதில் அப்படியே பொருந்தும் இடம் இல்லை. மக்னிஃபிகாட் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. தாய்மொழி வழிபாட்டின் பயனைத் தமிழில் செபிக்கும் எவரும் குறைத்துப் பேச மாட்டார். ஆனால் நம் பங்குகளில் மாலையில் கேட்பது பெரும்பாலும் செபமாலையும் திருப்பலியுமே. திருப்பாடல்களை மாறி மாறிச் சொல்லும் மாலைச் செபம் துறவற இல்லங்களிலும் குருமடங்களிலும் தங்கிவிட்டது. அங்கே சகோதரிகள் இரு பக்கமாக உட்கார்ந்து, வசனத்தின் நடுவில் சற்றே நிறுத்தி, தமிழில் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். நட்சத்திரக் குறியின் அதே இடம், அதே மூச்சு.

அந்தப் பழைய ஒலிப்பதிவு இன்னும் என்னிடம் இருக்கிறது. இப்போது அதை வேறு விதமாகக் கேட்கிறேன். மாலையில் விளக்கேற்றியபின், திருவிவிலியத்தை லூக்கா முதல் அதிகாரத்தில் திறந்து மடியில் வைத்துக்கொள்கிறேன். முதல் வசனத்தை நானே வாய்விட்டுப் படிக்கிறேன், தமிழில், மெட்டில்லாமல். பிறகு பொத்தானை அழுத்துகிறேன். விக்டோரியாவின் நான்கு குரல்களும் அடுத்த வசனத்தை எடுத்து முடிக்கின்றன. நிறுத்துகிறேன். அறையில் ஒலி அடங்கியதும் மூன்றாவது வசனத்தைப் படிக்கிறேன்.